மஞ்ஞப்பட

கேரளா பிளாஸ்டர்ஸ் கால்பந்து அணியின் ரசிகர் அமைப்பு. மலையாளப் பெயருக்கு 'மஞ்சள் படை' என்று பொருள். கொச்சி ஜவாஹர்லால் நேரு அரங்கின் கிழக்கு கேலரி இவர்களுடையது. 2014, 2016, 2021–22 இறுதிப் போட்டிகளில் அணி தோற்றது. ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் இவர்களின் பேச்சு வீரர் ஒப்பந்தங்களைச் சுற்றியே நிற்கும். ஒப்பந்தம் முடிந்த வீரர் விரும்பிய கிளப்புக்குப் போகலாம். ஒப்பந்தம் முடியாத வீரரை வாங்க மாற்றுத் தொகை தர வேண்டும். 2023 ஜூலையில் கண்ணூர்க் குடும்பத்துப் பிள்ளை சஹல் அப்துல் சமத் மோகன் பகானுக்குப் போனார். பதிலுக்கு பிரீதம் கோட்டால் வந்தார். பலருக்கு அது ஆறாத புண். 2024–25 பருவத்தில் நிர்வாகத்தைக் கண்டித்து, டிக்கெட் விற்பதையே அமைப்பு நிறுத்தியது.