ஈயத்தில் பூத்த இளவேனில்

மன்னர்கள் மாண்ட ஆண்டும், மணிமுடி கைமாறிய நாளும் வரலாற்று ஏடுகளில் வரிசை வரிசையாக உண்டு. சிற்றூர்ப் பள்ளி ஒன்றில், சேறு படிந்த காலுடன் வந்தமர்ந்த சிறுவர்களிடையே விளைந்த மாறுதலுக்கு அங்கே அரை வரி இடம் கிடைப்பதும் அரிது. ஆனால், தெற்குப் பிரான்சின் மலைச்சாரலில் அத்தகைய பள்ளி ஒன்றிலே 1924-ஆம் ஆண்டு வந்து சேர்ந்த சிறு அச்சுப்பொறி, பத்தாண்டு முடிவதற்குள் ஊர்ப் பெரியவர்களைச் சினங்கொள்ளச் செய்தது. முடியாட்சிக் கட்சியாரின் நாளேட்டைச் சீறச் செய்தது. கல்வி அமைச்சகத்தையே தலையிட வைத்தது. பத்து வயதுப் பாலகன் கையிலிருந்த ஈய எழுத்தைக் கண்டு பெரியவர்கள் ஏன் அஞ்சினர்? அதை எண்ணிப் பார்ப்பது நமக்கு நலம் பயக்கும், தோழர்களே!

பிரான்சு நாட்டு ஏழைக்குப் பள்ளிக்கூடம் எளிதில் கிடைத்ததன்று. நெடுங்காலம் பாதிரிமாரின் பிடியில் இருந்த கல்வியை, ஜூல் பெரி கொண்டுவந்த சட்டங்களே மீட்டன. 1881-ல் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் கட்டணம் ஒழிந்தது. 1882-ல் கல்வி கட்டாயமாயிற்று. அரசுப் பள்ளியின் பாடத்திட்டத்திலிருந்து மதபோதனை விலகிற்று. 1905-ல் அரசும் திருச்சபையும் சட்டப்படி பிரிந்தன. பெரும் வெற்றிதான்; ஐயமில்லை. ஆனால், மறைநூல் இறங்கிய பீடத்தில் பாடநூல் ஏறி அமர்ந்துகொண்டது! பாரிசில் தொகுத்த வரிகளை மலையூர்ச் சிறுவனும் கடலூர்ச் சிறுவனும் ஒரே குரலில் ஒப்பிக்க வேண்டும். வீட்டில் பிரெத்தோன் மொழி பேசி வளர்ந்த குழந்தை, பள்ளியிலே தாய்மொழியில் வாய் திறந்தால், அதன் கழுத்தில் இழிவுச் சின்னம் ஒன்றைத் தொங்கவிட்ட பள்ளிகளும் இருந்தன. நாட்டுப்பற்று என்ற பெயரால் போர்ப்பெருமை புகட்டப்பட்டது. அந்தப் பாடத்தை ஒப்பித்து வளர்ந்த தலைமுறைதான் 1914-ல் போர்க்களம் சென்றது; ஏறத்தாழ 14 இலட்சம் பிரெஞ்சு வீரர்கள் திரும்பவேயில்லை.

திரும்பியவர்களுள் ஒருவர் செலஸ்தேன் பிரெனே. 1896-ல் ஆல்ப்சு மலைத்தொடரின் கடலோரப் பகுதியிலுள்ள சிற்றூர் ஒன்றில், உழவர் குடியில் பிறந்தவர். ஆடு மேய்த்த சிறுவர். நீஸ் நகரில் ஆசிரியப் பயிற்சி பெற்றவர். 1917-ல் போர்முனையில் குண்டொன்று அவர் நுரையீரலைத் துளைத்தது. நெடுநாள் மருத்துவமனை வாசத்துக்குப் பின், 1920 சனவரியில் பார்-சூர்-லூ எனும் சிற்றூரின் பள்ளிக்கு உதவி ஆசிரியராக வந்தார். சிறிது நேரம் உரக்கப் பேசினாலே மூச்சுத் திணறும். ஆசிரியர் பேசுவார், மாணவர் கேட்பர் என்பதே அந்நாளைய பள்ளி. பேச முடியாத ஆசிரியர் என்ன செய்வார்?

மூச்சுக் குறைவு மட்டுமே அவரைப் புதுவழிக்குத் தள்ளியது என்று கூறுவது பொருந்தாது. ரூசோவையும் பெஸ்டலோசியையும் அவர் கற்றார். 1922-ல் செர்மனியின் ஆம்பர்க் நகரத்துப் பள்ளிகளைப் பார்த்தார். 1923-ல் சுவிட்சர்லாந்தில் நடந்த புதுக்கல்வி மாநாட்டுக்கும் சென்றார். அங்கே பேசப்பட்டவை அரிய கருத்துகள். ஆனால் வசதியான பள்ளிகளுக்கு ஏற்றவை. தூசி படிந்த ஓர் அறையும், பழைய விசுப்பலகைகளும், கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகளுமே தம் உடைமையாகக் கொண்ட சிற்றூர் ஆசிரியன் அவற்றை எப்படி நடைமுறைப்படுத்துவது? விடையைச் சன்னலுக்கு வெளியே கண்டார் பிரெனே.

இளவேனில் பிறந்துவிட்டால் அந்தச் சாரலின் முகமே மாறும். படிகளாக வெட்டிய மலைச்சரிவு வயல்கள். அவற்றில் ஒலிவ மரங்கள். ஊரைச் சூழ்ந்து கசப்புக் கிச்சிலி மரங்கள். ஏப்ரல் இறுதியில் அவை வெண்மலர் விரிக்கும். அண்மையிலுள்ள கிராஸ் நகரம் நறுமணத் தொழிலுக்குப் பேர்போனது. அதன் வடிசாலைகளுக்கு மலர் பறித்து அனுப்புவது சுற்றுப்புற ஊர்களின் பிழைப்பு. பாரிசுச் சீமாட்டியின் கைக்குட்டையில் ஒரு துளி மணம் தங்குவதற்கு, இந்தச் சிற்றூர்ப் பெண்டிர் விரல் நோக மலர் பறித்தாக வேண்டும். சன்னலுக்கு வெளியே இப்படி ஒரு வாழ்வு நடந்துகொண்டிருக்க, உள்ளே சிறுவர்கள் தாம் கண்டறியாத ஊரைப்பற்றி, தமக்குத் தொடர்பில்லாத வாக்கியங்களை எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தனர். அவர்தம் வாய் புத்தகத்தில், கண் வெளியில்!

கண் போன இடத்திற்குக் காலையும் அனுப்பினார் ஆசிரியர். பிற்பகலில் வகுப்பு முழுதும் வெளியே நடந்தது. வயலில் வேலை எப்படி நடக்கிறது, நெசவாளியின் தறி எப்படி இயங்குகிறது, தச்சர் பலகையை எப்படி இழைக்கிறார், கொல்லர் இரும்பை எப்படி வளைக்கிறார் என்று சிறுவர்கள் நின்று பார்த்தனர், கேள்வி கேட்டனர். மரம் ஏன் தளிர்க்கிறது, ஓடை ஏன் பெருகுகிறது என்ற ஐயங்கள் பிறந்தன. உழைப்பாளி அங்கே ஆசிரியரானார். "உன் தந்தை செய்யும் தொழிலும் பாடந்தான்" என்று எவரும் சொற்பொழிவாற்றவில்லை. தந்தையின் பட்டறை வாயிலில் வகுப்பே வந்து நின்றபோது மகன் அதைத் தானே உணர்ந்தான். அறைக்குத் திரும்பியதும் கண்டதைச் சுருக்கிக் கரும்பலகையில் எழுதுவர். அதுவே வாசிப்புப் பாடம். அளந்ததும் எண்ணியதும் கணக்குப் பாடம். சிறுவர்கள் பிடித்துவந்த நத்தைகள் பந்தயம் ஓடிய கதையும் ஒருநாள் கரும்பலகையில் ஏறிற்று. பாடப்புத்தகத்தைக் கண்டால் கொட்டாவி விட்ட பிள்ளைகள், அதைப் படிக்க முந்தினர்.

ஆனால், மாலையில் கரும்பலகையைத் துடைத்துவிட்டால்? நத்தையும் போயிற்று, நறுமலரும் போயிற்று. மறுநாட் காலையில் அதே பாடநூல், அதே பொருந்தா வாக்கியம். பாடநூலின் வலிமை அது அச்சில் இருப்பதுதான் என்று கண்ட பிரெனே, அந்த வலிமையைச் சிறுவர் கைக்கு மாற்றத் துணிந்தார். 1924-ல் சிறியதோர் அச்சுப்பொறியை வாங்கினார்.

அது இயங்கிய முறையைச் சற்று விரிவாகக் காண்போம். சிறுவர்கள் தாம் விரும்பியதை எழுதி வருவர், கட்டாயமில்லை. அவரவர் எழுதியதை வகுப்பின் முன் படிப்பர். எதை அச்சிடுவது என்று வாக்கெடுப்பு நடக்கும். தேர்ந்த கட்டுரையைக் கரும்பலகையில் எழுதி, பிழை திருத்தி, தெளிவில்லாத இடத்தில் எழுதியவனையே கேட்டுச் செப்பனிடுவர். பிறகு எழுத்துக் கோக்கும் வேலை: ஆளுக்குச் சில வரியாகப் பிரித்துக்கொண்டு, தலைகீழாய்த் தோன்றும் ஈய எழுத்தை ஒவ்வொன்றாக அடுக்குவர். ஓர் எழுத்து தவறினாலும் தாள் காட்டிக்கொடுத்துவிடும். கண்டிக்க ஆசிரியர் தேவையில்லை. ஒருவன் மை உருளையைத் தள்ள, ஒருவன் தாளை வைக்க, ஒருவன் அழுத்த, ஒருவன் எடுத்து உலர்த்துவான். முடிந்ததும் எழுத்துகளை அவற்றின் அறைகளுக்குத் திருப்பிப் போடுவர். அந்தத் தாள்கள் சேர்ந்துதான் ஒவ்வொரு சிறுவனின் 'வாழ்க்கை நூல்' ஆயிற்று. ஏடு நடத்தும் நம்மவர்க்கு இந்த வேலையின் அருமை தெரியும்: தனியொருவன் அதைச் செய்துவிட முடியாது, ஒருவன் சோம்பினால் அனைவரும் நிற்க வேண்டும். ஒழுங்கைப் பிரம்பு கற்பிக்கவில்லை, வேலை கற்பித்தது.

இதில் இன்னொரு பாடமும் அடங்கியிருந்தது, அதுவே தலையாயது. அச்சில் வந்துவிட்டால் அது உண்மை என்று நம்புவது பாமரர் வழக்கம். படித்தவரிடமும் அந்நோய் உண்டு. பார்-சூர்-லூ சிறுவனுக்கோ அச்சு என்பது என்ன? நேற்று தன் தோழன் எழுதியது. இன்று காலை நாம் திருத்தியது. தானே மை தடவி அழுத்தியது. அச்சுக்குப் பின்னால் ஒரு கை இருக்கிறது, அந்தக் கைக்குப் பின்னால் ஒரு மனிதன் இருக்கிறான், அவன் தவறவும் கூடும் என்பதை அவன் விரல் அறியும். அப்படிப்பட்டவன் நாளை நாளேட்டைப் படித்தாலும், புராணத்தைப் படித்தாலும், அரசின் அறிக்கையைப் படித்தாலும், "இதைக் கோத்தவன் யார்?" என்று கேட்பான். பகுத்தறிவைப் பற்றி ஆயிரம் சொற்பொழிவு ஊட்டாத உணர்வை, மை படிந்த பத்து விரல் ஊட்டிவிட்டது.

1926-ல் வடமேற்குக் கோடியில், பிரிட்டானிக் கடற்கரையில் இருந்த திரேகன் ஊர்ப் பள்ளியின் ஆசிரியர் ரெனே தானியேல் இம்முயற்சியில் இணைந்தார். மலையூர்ப் பிள்ளைகள் அச்சிட்ட தாள் அங்கே சென்றது. கடலூர்ப் பிள்ளைகள் அச்சிட்ட தாள் இங்கே வந்தது. ஓதம் ஏறி இறங்கும் அத்லாந்திக் கரையின் வாழ்வை மலைச்சிறுவன் தன் வயதொத்த தோழனின் சொல்லிலேயே படித்தான். புவியியல் என்ற சொல் தெரியுமுன் புவியியல் விளங்கிற்று. 1927-ல் தூர் நகரில், பள்ளியில் அச்சு நடத்தும் ஆசிரியர்களின் முதல் மாநாடு கூடிற்று. பிள்ளைகள் எழுதிய ஏடொன்று வெளிவரலாயிற்று. ஆசிரியர்கள் தமக்கென ஒரு கூட்டுறவு அமைப்பைத் தோற்றுவித்தனர். "பிள்ளைகள் எழுதியதையே பிள்ளைகள் படித்தால் அறிவியலும் வரலாறும் எப்போது கற்பது?" என்று கேட்டோர் உண்டு, நேர்மையான கேள்விதான். விடையாக 1932 முதல் அந்தக் கூட்டுறவே, பொருளுக்கொரு சிறுநூலாக, மாணவர் தாமே தேடிக் கற்கும் நூல் வரிசையை வெளியிட்டது.

1928-ல் பிரெனேயும், ஆசிரியையும் ஓவியருமான துணைவியார் எலீஸும் சென்-போல் என்ற ஊருக்குச் சென்றனர். கோட்டைமதில் சூழ்ந்த அழகிய ஊர்; ஓவியரும் செல்வரும் உலா வரும் ஊர். அங்கே பள்ளிக்கூடம் மட்டும் பாழடைந்து, சுகாதாரமற்றுக் கிடந்தது. செப்பனிடுமாறு பிரெனே ஊராட்சியை விடாது கேட்டார். செவி சாய்க்கவில்லை. இந்நிலையில் ஒரு சிறுவன் தன் கனவொன்றை எழுதினான்: எழுதுபொருள் வழங்க மறுக்கும் மேயரை எதிர்த்து வகுப்பே கிளம்புகிறது, கனவின் முடிவில் மேயர் கொல்லப்படுகிறார். அது அச்சாயிற்று. கனவு கண்டவன் சிறுவன், பிடித்துக்கொண்டவர்கள் பெரியவர்கள்! 1932 டிசம்பரில் ஊர்ச் சுவர்களில் ஆசிரியருக்கு எதிரான சுவரொட்டிகள் முளைத்தன. முடியாட்சிக் கட்சியின் ஏடு 'ஆக்சியோன் பிரான்சேஸ்' வசை பொழிந்தது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாதீர் என்ற கிளர்ச்சியும் மூட்டப்பட்டது. ஏழைப் பெற்றோர் பலர் ஆசிரியர் பக்கம் நின்றனர்.

மீண்டும் ஓர் இளவேனில் வந்தது. இம்முறை மலரோடு வரவில்லை. ஈஸ்டர் விடுமுறை முடிந்து 1933 ஏப்ரல் 24-ல் பள்ளி திறந்தபோது, கூச்சலிடும் கூட்டமொன்று பள்ளியை முற்றுகையிட்டது. பள்ளிச் சுவரைச் செப்பனிடச் சொன்ன ஆசிரியர் குற்றவாளி. அதைச் சிதைய விட்டவர்கள் ஊரின் காவலர்! 1933 ஜூனில் அமைச்சகம் பிரெனேயை இடமாற்றம் செய்தது. அவர் பணியவில்லை. அருகிலுள்ள வான்ஸ் ஊரின் குன்றொன்றில் தாமே பள்ளி கட்டி, 1935-ல் திறந்தார். அங்கே பிள்ளைகள் தோட்டமிட்டனர், ஆடு வளர்த்தனர், அச்சிட்டனர். சுவரில் தாளொன்று தொங்கும்: கண்டிக்கிறேன், பாராட்டுகிறேன், வேண்டுகிறேன், செய்துமுடித்தேன் என நான்கு பத்திகள். எவரும் எழுதலாம், பெயரிட்டு எழுத வேண்டும். வாரந்தோறும் கூடும் அவையில் அவை விவாதிக்கப்படும். ஆசிரியர் பெயரும் கண்டனப் பத்தியில் வரலாம். ஸ்பெயின் உள்நாட்டுப் போர் துரத்திவிட்ட ஏதிலிக் குழந்தைகளுக்கும் அந்தப் பள்ளி இல்லமாயிற்று.

1940-ல் பிரெனே கைது செய்யப்பட்டுத் தடுப்பு முகாம்களில் அடைக்கப்பட்டார்; 1941-ல் விடுதலையான பின் எதிர்ப்பியக்கத்தில் பங்கு கொண்டார். போர் முடிந்ததும் பள்ளியை மீண்டும் எழுப்பினார். 1949-ல் அவர் கதையைத் தழுவிய திரைப்படம் வெளிவந்தது. 1966-ல் அவர் மறைந்தார். ஒருகாலத்தில் ஊரைவிட்டு அகற்றப்பட்ட ஆசிரியரின் அந்தப் பள்ளியை, 1991-ல் பிரெஞ்சு அரசே ஏற்றுக்கொண்டது. வரலாற்றின் தீர்ப்பு சில வேளை தாமதமாக வரும், ஆயினும் வந்துவிடும்.

மலர் பறித்த தாயின் மகனும், ஆடு மேய்த்தவன் மகனும் எழுத்தறிவு பெறுவதை அந்நாட்டு ஆதிக்கக்காரர் எதிர்க்கவில்லை; சட்டமே அதைக் கட்டாயமாக்கியிருந்தது. படிப்பவன் எழுதத் தொடங்கினான், எழுதியதை அச்சிட்டான், அச்சிட்டதில் தன் பள்ளியின் இழிநிலையைக் குறித்தான்: அதைத்தான் பொறுக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்த அடிமை எவருக்கும் இடைஞ்சலில்லை. "எழுதியவன் யார், எதற்காக எழுதினான்?" என்று கேட்பவனே இடைஞ்சல். ஆகவே தோழர்களே, ஒரு பள்ளியின் தரத்தை அளக்க விரும்பினால், அங்கே எத்தனை புத்தகம் உள்ளது என்று எண்ணுவதோடு நின்றுவிடாதீர்கள். அங்குள்ள கடைசி விசுப்பலகைச் சிறுவன் எழுந்து நின்று "ஏன்?" என்று கேட்டால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். அந்தக் கேள்விக்கு மதிப்பளிக்கும் பள்ளியில் எந்தத் திங்களும் இளவேனில்தான்!