யார்க்டவுனில் தோற்றவருக்குத் தேனாம்பேட்டையில் ஒரு சாலை

தேனாம்பேட்டையில் அண்ணா சாலையிலிருந்து பிரிகிற செனடாஃப் ரோட்டைத் தெரியாத சென்னைக்காரர் குறைவு. ஆனால் அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் பலரும் உதட்டைப் பிதுக்குவார்கள். செனடாஃப் என்றால் உள்ளே உடல் இல்லாத நினைவு மண்டபம். இங்கே அது காரன்வாலிஸ் பிரபுவின் பெயரில் இருந்தது. மண்டபம் பிற்பாடு கோட்டைப் பக்கம் போய்விட்டது. பெயர் மட்டும் தேனாம்பேட்டையிலேயே தங்கிவிட்டது.

இந்தக் காரன்வாலிஸ் யார்? அமெரிக்க மாணவர்களுக்கு அவர் தோற்றுப்போன தளபதி. 1781 அக்டோபர் 19 அன்று, வர்ஜீனியாவில் உள்ள யார்க்டவுன் என்ற சிறிய துறைமுகத்தில், ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களோடு ஜார்ஜ் வாஷிங்டனிடமும் பிரெஞ்சுக்காரர்களிடமும் சரணடைந்தவர். உடம்பு சரியில்லை என்று சொல்லி, சரணடையும் சடங்குக்குத் தான் போகாமல் தன் துணைத் தளபதியை அனுப்பிவைத்தார். அமெரிக்க விடுதலைப் போரின் முடிவை எழுதிய சண்டை என்று அதைத்தான் சொல்கிறார்கள்.

பள்ளியில் நாம் இதை ஒரு பாடத்தில் படித்தோம். ஹைதர் அலியை இன்னொரு பாடத்தில் படித்தோம். இரண்டும் ஒரே காலத்தில், ஒரே சண்டையின் இரண்டு முனைகளாக நடந்தவை என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆண்டுகளை வரிசையாக எழுதி வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது.

1778இல் பிரான்ஸ் அமெரிக்கர்களோடு கைகோத்தது. உடனே இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் போர். அந்தப் போர் அட்லாண்டிக்கோடு நிற்கவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் கம்பெனிப் படை புதுச்சேரியைப் பிடித்தது. 1779 மார்ச்சில் மலபார் கரையில் இருந்த பிரெஞ்சுத் துறைமுகமான மாஹேயையும் பிடித்தது. மாஹே வழியாகத்தான் ஹைதர் அலிக்கு ஆயுதங்கள் வந்துகொண்டிருந்தன. அவருக்குக் கம்பெனி மேல் பழைய கோபமும் உண்டு. 1769இல் அவர் சென்னையின் வாசல் வரை வந்து மிரட்டிச் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், ஆபத்துக்கு உதவுவோம் என்று கம்பெனி வாக்குக் கொடுத்திருந்தது. மராத்தியர்கள் படையெடுத்தபோது அது எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மாஹேயும் போனபிறகு அவர் பொறுக்கவில்லை. 1780 ஜூலையில் கர்நாடகப் பகுதிக்குள், அதாவது இன்றைய வட தமிழ்நாட்டுக்குள், பெரும்படையோடு இறங்கினார்.

செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில், பல்லவர் காலத்திலேயே போரைப் பார்த்திருந்த புள்ளலூரில், கர்னல் பெய்லியின் படை அழிந்தது. அந்தப் படையில் பெரும்பாலானவர்கள் இந்தியச் சிப்பாய்கள். திப்பு இந்த வெற்றியைப் பிறகு ஸ்ரீரங்கப்பட்டணத்து மாளிகைச் சுவரில் ஓவியமாகவே வரையவைத்தார். கடல் கடந்தும் ஹைதரின் பெயர் பரவியது. 1782இல் பென்சில்வேனியாக்காரர்கள் ஒரு போர்க்கப்பலுக்கு ‘ஹைதர் அலி’ என்று பெயர் வைத்தார்கள். அந்த ஏப்ரலில் அது டெலவேர் விரிகுடாவில் ஒரு பிரிட்டிஷ் கப்பலைப் பிடிக்கவும் செய்தது.

இதைப் படித்துப் பெருமைப்பட்டுக்கொள்வது சுலபம். எனக்கு அந்தப் பெருமை முழுசாக வரவில்லை. கம்பெனிக்குத் தானியம் கிடைக்கக் கூடாது என்று ஹைதரின் குதிரைப்படை கொளுத்தியது நம் ஊர்களைத்தான். கம்பெனிப் படை கடந்து போனதும் அதே வயல்கள் வழியாகத்தான். பிழைத்தவர்கள் சென்னையை நோக்கி நடந்தார்கள். வந்த இடத்தில் பஞ்சம். 1782இல் வடசென்னையில் ஒரு கஞ்சித்தொட்டி திறக்க வேண்டியதாயிற்று. மணியக்காரர் சத்திரம் என்று பெயர் வாங்கியது அதுதான்.

யார்க்டவுனோடு போர் முடிந்துவிட்டது என்று அமெரிக்கப் புத்தகம் சொல்லும். இங்கே அது முடியவில்லை. பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சுஃப்ரென் 1782 பிப்ரவரியில் சதுரங்கப்பட்டினத்துக்கு அப்பால் பிரிட்டிஷ் கப்பல்களோடு மோதினார். ஏப்ரலில் கடலூர் பிரெஞ்சு, மைசூர்ப் படைகளின் கைக்குப் போனது. டிசம்பரில் ஹைதர் இறந்தார்.

1783 ஜனவரி 20 அன்று ஐரோப்பாவில் இங்கிலாந்தும் பிரான்சும் முதற்கட்ட சமாதானத்தில் கையெழுத்திட்டன. அந்தச் செய்தி கப்பலில் வந்துகொண்டிருக்கும்போதே, ஜூன் 13 அன்று கம்பெனிப் படை கடலூரைத் தாக்கியது. அன்று ஒரே நாளில் பிரிட்டிஷ் தரப்பில் மட்டும் ஏறத்தாழ ஆயிரம் பேர் மாண்டோ காயப்பட்டோ விழுந்தார்கள். ஜூன் 20 கடலில் சண்டை. ஜூன் 25 கோட்டையிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் வெளியே வந்து மறுபடி சண்டை. ஜூன் 29 அன்று சமாதானக் கொடியோடு ஒரு பிரிட்டிஷ் கப்பல் வந்து சேர்ந்தது. போர் முடிந்து அஞ்சு மாசம் ஆச்சு என்று அப்போதுதான் தெரிந்தது. அமெரிக்க விடுதலைப் போரின் கடைசிச் சண்டை என்று சில வரலாற்றாசிரியர்கள் கடலூரைத்தான் சொல்கிறார்கள். அமெரிக்கா என்ற பெயரையே கேட்டிராத எத்தனை சிப்பாய்கள் அந்த ஜூன் மாதத்தில் செத்திருப்பார்கள்!

மூன்று வருடம் கழித்து, 1786இல், காரன்வாலிஸ் கவர்னர் ஜெனரலாகக் கல்கத்தாவில் வந்து இறங்கினார். ஒரு கண்டத்தை இழந்தவரிடம் இன்னொரு நாட்டை ஒப்படைத்தார்கள். திப்புவோடு மறுபடி போர் மூண்டபோது தானே சென்னைக்கு வந்து படையை நடத்தினார். 1792இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு பணிய வேண்டியிருந்தது. பாதி ராஜ்ஜியம் போயிற்று. திண்டுக்கல்லும் சேலத்தை ஒட்டிய பாராமகாலும் கம்பெனி கைக்கு வந்தன. மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாய் தண்டம். அது தீரும்வரை திப்புவின் இரண்டு சின்னப் பையன்கள் பிணை. அவர்களைச் சென்னைக்குக் கொண்டுவந்தார்கள். 1794இல்தான் திருப்பி அனுப்பினார்கள்.

கோட்டை அருங்காட்சியகத்தில் தாமஸ் பேங்க்ஸ் செதுக்கிய காரன்வாலிஸ் சிலை இன்றும் நிற்கிறது. நான் அண்ணாந்து முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் என் கண்ணில் பட்டது பீடத்துச் சிற்பம்தான். அந்தப் பையன்களை ஒப்படைக்கும் காட்சியை அதில் வடித்திருக்கிறார்கள். யார்க்டவுனில் போன மானத்தை அவர் எங்கே மீட்டார் என்பதற்கு அந்தப் பளிங்கைவிட வேறு சாட்சி வேண்டாம்.

அமெரிக்கர்களின் விடுதலையை நான் குறைத்துப் பேசவில்லை. அவர்கள் போராடினார்கள், வென்றார்கள். ஆனால் அந்த வெற்றிக்கான விலையில் ஒரு பங்கு இங்கேயும் வசூலானது. அங்கே இழந்ததை இங்கே ஈடுகட்டும் வேலைக்கு அதே ஆள் அனுப்பப்பட்டார். அவருக்கு இந்த நகரம் ஒரு சிலையும் ஒரு சாலையும் கொடுத்தது. பஞ்சத்தில் வந்தவர்களுக்குச் சிலை எதுவும் இல்லை. மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை. அதை வடசென்னைப் பெரியவர்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள்.