ஐந்து நாய், ஒரு படம்

பல நாய்களை ஒரே படத்தில் அடக்குவதில் முதலில் எதிர்ப்படுவது ஒரு கணக்கு. ஒரு நாய் கமராவைப் பார்த்தபடி அசையாமல் இருக்கும் வாய்ப்பு பாதி என்று கொண்டால், இரண்டு நாய்கள் ஒரே கணத்தில் அப்படி இருக்கும் வாய்ப்பு 4இல் 1. ஐந்து நாய்களுக்கு அது 32இல் 1 ஆகிவிடும். நடைமுறையில் நிலைமை இன்னும் மோசம்: ஒன்று எழுந்தால் மற்ற நான்கும் அதைத் திரும்பிப் பார்க்கும். ஸ்டூடியோக்காரர்கள் இந்தக் கணக்கோடு மல்லுக்கட்டத் தொடங்கி ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகிறது.

1839இல் டாகுவேரின் புகைப்பட முறை பாரிசில் வெளியானபோது, ஒரு படத்துக்கே நிமிடக்கணக்கில் ஒளி தேவைப்பட்டது. மனிதர்களின் பிடரிக்குப் பின்னால் ஓர் இரும்புக் கவையை நிறுத்தித் தலையை அசையவிடாமல் வைத்தார்கள். நாய்க்கு அந்தக் கவை ஒத்துவராது. அதனால் அக்காலக் குடும்பப் படங்களில் உடம்பு தெளிவாகவும் தலை புகையாகவும் விழுந்த நாய்கள் உண்டு. தெளிவாக விழுந்தவை அநேகமாக உறங்கியவை. 1851இல் ஆர்ச்சரின் ஈரத்தகடு வந்து நேரத்தைச் சில விநாடிகளாக்கியது. தனி நாய்க்கு அது போதும், கூட்டத்துக்குப் போதாது.

நிறம் இன்னொரு தடை. அக்காலத் தகடுகள் நீல ஒளிக்கே நன்றாக இணங்கின; சிவப்பு அவற்றுக்கு இருட்டு. செவலை நாய் கறுப்பாக விழும், வெள்ளை நாய் வெளிறிப்போகும். இரண்டையும் அருகருகே இருத்தினால் ஒன்றைக் கெடுத்துத்தான் மற்றதைக் காப்பாற்றலாம். 1873இல் ஃபோகல் சாயமேற்றிய தகடு பிற நிறங்களையும் உணரும் என்று கண்டுபிடித்தார். ஆனாலும் சிவப்புவரை பதியும் தகடு கடைக்கு வர இருபதாம் நூற்றாண்டு பிறக்கவேண்டியிருந்தது.

மடொக்ஸ் 1871இல் முன்வைத்த உலர்தகட்டை, 1878இல் பெனெட் விநாடியின் சிறு பின்னத்தில் படம் பதியும் அளவுக்கு விரைவாக்கினார். நாய்ப் படத்துக்குச் சந்தையும் அதே காலத்தில்தான் திறந்தது. 1859இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் முதல் நாய்க்காட்சி நடந்தது. 1873இல் கெனல் கிளப் பிறந்தது. பரிசு வென்ற நாய்க்கும் அதன் குட்டிகளுக்கும் படம் வேண்டுமென்று உரிமையாளர்கள் கேட்டார்கள். லண்டன் பேக்கர் வீதியில் தொழில் நடத்திய தொமஸ் ஃபோலின் ஸ்டூடியோ நாய்ப் படத்தையே அடையாளமாக்கிக்கொண்டு பல தலைமுறை நிலைத்தது.

கூட்டப் படத்தில் ஒருவர் எவ்வளவு பாடுபட முடியும் என்பதற்கு அமெரிக்கரான ஹாரி விட்டியர் ஃப்ரீஸ் நல்ல சாட்சி. 1900களின் முதற்பத்தாண்டில் நாய்க்குட்டிகளுக்கும் பூனைக்குட்டிகளுக்கும் உடை தைத்துப் போட்டு, அவை கடை நடத்துவதாகவும் விருந்துண்பதாகவும் படமெடுத்து அஞ்சலட்டையாக விற்றார். உடைக்குள் விறைப்பான தாங்கு இருக்கும். குட்டி அதில் சாய்ந்து நிற்கும். ஒளி விழும் நேரம் விநாடியில் 5இல் 1. எடுத்த தகடுகளில் மூன்றில் இரண்டு பங்கு குப்பைக்குப் போயிற்று. வேலை அவ்வளவு களைப்பூட்டியதால் ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்று மாதமே படமெடுத்தார். முயல் எளிது, ஆனால் நடிக்காது. நாய்க்குட்டி புரிந்து நடத்தினால் இணங்கும். பூனைக்குட்டியே சிறந்த நடிகர் என்பது அவர் கணிப்பு. நாய் வளர்ப்போர் இந்தத் தரவரிசையை ஏற்கமாட்டார்கள்.

1887இல் ஜெர்மனியில் வந்த மக்னீசியப் பொடிவெளிச்சம் கணத்தை உறையவைத்தது. ஆனால் பளீரென்ற ஒளியும் புகையும் சேர்ந்து, முதல் படத்துக்குப் பிறகு நாய்களைச் சிதறடித்தன. 1930களில் ஹரல்ட் எட்ஜர்ட்டன் வளர்த்த மின்வெளிச்சம் புகையில்லாதது. அதனால் கூட்டத்தை மறுபடி மறுபடி எடுக்க முடிந்தது. அதே பத்தாண்டில், வியன்னாவில் பிறந்த இல்லா என்ற படப்பிடிப்பாளர், பாரிசில் விலங்குகளுக்கென்றே ஸ்டூடியோ நடத்தினார். பிற்காலத்தில் அவர் விலங்குகளைத் தேடி வெளியே போகத் தொடங்கினார். 1955இல் பரத்பூரில் மாட்டுவண்டிப் பந்தயத்தைப் படமெடுக்கையில் ஜீப்பிலிருந்து விழுந்து இறந்தார்.

கணக்கை வேறுவிதமாக வென்றவர் வில்லியம் வெக்மன். 1970இல் மான் ரே என்ற வைமரானர் நாயுடன் தொடங்கி, பின்னர் ஃபே ரே என்ற பெண் நாயையும் அதன் குட்டிகளையும் வைத்துக் குடும்பப் படமே எடுத்தார். ஒரே இனம், ஒரே சாம்பல் நிறம்: செவலை, வெள்ளைத் தொல்லை அங்கே இல்லை. 1979 முதல் அவர் கையாண்ட பொலராய்ட் கமரா 100 கிலோவுக்கு மேல் எடையுள்ளது, அதன் படம் 20க்கு 24 அங்குலம். பிழைத்தால் திருத்த நெகட்டிவ் கிடையாது. நாய்கள் அவரோடே வாழ்ந்ததால் இருக்கையில் இருப்பதை வேலையாகவே பழகியிருந்தன. இந்தப் பழக்கத்தை வாடிக்கையாளர் ஒருவர் அரைமணி நேரத்துக்குக் கொண்டுவரும் நாய்களிடம் எதிர்பார்க்க முடியாது.

நாயைக் கொண்டுவரும் வாடிக்கையாளர் எல்லா ஊரிலும் இருந்ததில்லை: யாழ்ப்பாணக் குடாநாட்டில் நாய் நெடுங்காலம் ஸ்டூடியோப் படியேறாத பிராணி. வைரவரின் வாகனம் என்ற மதிப்பு இருந்தும் அதன் இடம் வளவும் படலையடியும்தான். கீரிமுகம் மாறிய முனிவர் கதையும் குதிரைமுகம் நீங்கிய இளவரசி கதையும் வழங்கும் கீரிமலையில், விலங்கு முகத்தைக் காசு கொடுத்துப் படமாக்கும் வழக்கம் வேரூன்றவில்லை. அங்கு படத்துக்கு வேறு கடமைகள் இருந்தன. 1972இல் வந்த தேசிய அடையாள அட்டை கிராமத்தாரையும் ஸ்டூடியோவுக்கு இழுத்தது. இறந்தவருக்குக் கீரிமலையில் அந்தியேட்டி முடித்து, 31ஆம் நாளில் வழங்கும் கல்வெட்டு எனப்படும் நினைவு நூலின் முகப்புக்கும் ஒரு முகம் வேண்டும். தனிப்படம் இல்லாதவரின் முகத்தைக் கலியாணக் குழுப்படத்திலிருந்து வெட்டியெடுத்து, பின்னணியைத் தூரிகையால் மறைத்துப் பெருப்பித்தார்கள். 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்து, குடும்பங்கள் பல நாடுகளில் பிரிந்தபின் எதிர்வேலையும் சேர்ந்தது: வெவ்வேறு நாட்டில் எடுத்த முகங்களை ஒரே படத்தில் ஒட்டிக் குடும்பமாக்குவது.

நாய்க்கூட்டத்துக்குக் கடைசியில் கைகொடுத்ததும் இந்த ஒட்டுவேலைதான். அது புதிதன்று, 1857இலேயே ரெய்லாண்டர் முப்பதுக்கு மேற்பட்ட நெகட்டிவ்களை இணைத்து ஒரே படமாக அச்சிட்டார். இன்று கமராவை முக்காலியில் அசையாமல் பூட்டி, விளக்குகளையும் மாற்றாமல், நாய்களை அததன் இடத்தில் இருத்திப் பல படங்கள் எடுப்பார்கள். ஒவ்வொரு நாய்க்கும் ஒருவர் வாரைப் பிடித்தபடி பக்கத்தில் நிற்பார். மூத்த நாய் நடுவில், துருதுருவென்றது ஓரத்தில், ஒத்துவராத இரண்டு ஒன்றையொன்று காணாத தூரத்தில். காதை நிமிர்த்தும் விசில் ஓரிரு தடவைதான் எடுபடும். அதை முதலிலேயே ஊதித் தீர்ப்பது அனுபவமில்லாதவரின் பிழை. பிறகு ஒவ்வொரு நாயின் சிறந்த முகத்தையும் தேர்ந்து கணினியில் இணைத்து, வாரையும் பிடித்த கையையும் அழிப்பார்கள். அப்போது 32இல் 1 என்ற கணக்கே எழாது. நாய்கள் ஒன்றையொன்று உரசியிருந்தால் மட்டும் மயிரோரத்தில் வெட்டு தெரிந்துவிடும். அதனால் இணைக்கப்போகும் நாய்களுக்கிடையே ஒரு கையகலம் இடம் விட்டே இருத்துகிறார்கள்.