தூத்துக்குடித் தொழிலாளரும் மருத்துவக் காப்பீட்டுச் சந்தாவும்

1908 பிப்ரவரியில் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வ.உ.சிதம்பரனார், சுப்பிரமணிய சிவா ஆகியோரின் துணையுடன் வேலைநிறுத்தம் செய்தனர். கூலி உயர்வும் வார விடுமுறையும் அவர்களின் முதன்மையான கோரிக்கைகள். நோயுற்ற தொழிலாளிக்கு உதவும் சட்டம் வர இன்னும் 40 ஆண்டுகள் ஆயின.

அதற்கான அடிப்படை, பேராசிரியர் பி.பி.அதர்கர் 1944-இல் அளித்த அறிக்கை. 1948-இல் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் நிறைவேறியது. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டெல்லியிலும் திட்டம் தொடங்கியது. தொடக்கத்திலேயே ஒரு சிக்கல். இரண்டு ஊர் முதலாளிகள் மட்டும் சந்தா கட்டினால் அவர்களின் சரக்கு விலை கூடும், மற்றவர்கள் சந்தையில் முந்திவிடுவார்கள். எனவே திட்டம் நடைமுறைக்கு வந்த ஊர்களில் சம்பளப் பட்டியலில் 1.25%, வராத ஊர்களில் 0.75% என நாடு முழுவதும் முதலாளிகளிடம் வசூலிக்கப்பட்டது. சுமையைப் பரப்புவதே காப்பீடு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று அரிது.

பின்னர் விகிதங்கள் பலமுறை மாறின. 1997 முதல் முதலாளி 4.75%, தொழிலாளி 1.75%, 2019 ஜூலை முதல் முறையே 3.25%, 0.75%. மாதம் 16,000 ரூபாய் பெறுபவருக்குப் பிடித்தம் 280 ரூபாயிலிருந்து 120 ஆகக் குறைந்தது. நிறுவனத்தின் பங்கு 760-இலிருந்து 520 ஆனது. பிள்ளைகள் எத்தனை பேர், என்ன நோய், என்ன வயது என்று யாரும் கேட்பதில்லை. சம்பளம் மட்டுமே கணக்கு. ஆனால் 2017 முதல் உச்சவரம்பு 21,000 ரூபாய். மிகைநேரக் கூலி இந்த வரம்புக்குச் சேராது. ஆனால் அதற்கும் சந்தா உண்டு! ஊதிய உயர்வால் வரம்பைத் தாண்டியவர், நடப்புச் சந்தாக் காலம் முடிந்ததும் வெளியேற வேண்டியதுதான்.

இந்தக் கணக்கு கடற்கரைக்குப் பொருந்தாது. விசைப்படகில் செல்பவருக்குக் கிடைப்பது மாதச் சம்பளம் அன்று, செலவு போக மீன்பாட்டில் ஒரு பங்கு. உப்பளத்தில் நாள்கூலி, மழை தொடங்கினால் அதுவும் இல்லை. அரசின் முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றபின் சங்கு குளிப்பவர்களின் நிலையும் இதுவே. சம்பளப் பதிவேடே இல்லாதபோது விழுக்காட்டை எதன்மேல் போடுவது?

இவர்களுக்கு வழி திறந்தது 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம், பிறகு 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். இதில் கட்டணம் குடும்பத்துக்கு இவ்வளவு என ஒப்பந்தப்புள்ளி மூலம் முடிவாகிறது: 2012-இல் ஆண்டுக்கு 497 ரூபாய், 2022-இல் 849. குடும்பம் எதுவும் கட்டுவதில்லை, அரசே செலுத்துகிறது. வருமான வரம்பு முன்பு ஆண்டுக்கு 72,000 ரூபாய், இப்போது 1,20,000.

2018 செப்டம்பரில் ஒன்றிய அரசின் திட்டத்துடன் இணைந்தபின் பாதுகாப்புத் தொகை ஆண்டுக்கு 5 லட்சம் ஆனது. ஒன்றிய அரசு 60%, மாநிலம் 40% என்ற பங்கீடு ஒன்றியப் பட்டியலில் உள்ள குடும்பங்களுக்கு மட்டும். பட்டியலில் இல்லாத மீனவக் குடும்பத்துக்கும் அட்டை உண்டு. அதற்கான கட்டணம் முழுவதும் மாநிலத்தின் பொறுப்பு.