பவுத்திரப் புண்ணும் பத்தியக் கணக்கும்

பவுத்திரத்துக்குக் கத்தி வைப்பது ஒரு நாள் வேலை. புண் ஆறுவது வாரக்கணக்கு. மலவாயை ஒட்டிப் புரையோடிய குழாயைப் பிளந்துவிட்டால் அதைத் தைத்து மூடுவதில்லை. அடியிலிருந்து சதை வளர்ந்து மேலே வரவேண்டும். அத்தனை நாளும் அந்தப் புண்ணை உரசிக்கொண்டுதான் மலம் போகவேண்டும். ஆகவே இந்த நோயாளிக்குத் தரும் எந்த மருந்தையும், அது வயிற்றை என்ன செய்யும் என்று கேட்காமல் தரமுடியாது. சோழநாட்டு மருத்துவ வரலாற்றில் அந்தக் கேள்வியைக் கேட்க ஓர் ஆளை வைத்திருந்தார்கள். மருந்து மட்டும் தனியே கைமாறத் தொடங்கியபோது அந்த ஆள் விடுபட்டுப் போனார். இன்றைய மருந்து ஆபத்துகளில் பெரும்பகுதி அந்த இடைவெளியில்தான் விளைகிறது என்பது என் வாதம்.

தஞ்சையில் தந்தை சுந்தரசோழன் பெயரால் இயங்கிய ஆதுலசாலைக்கு, அதாவது மருத்துவமனைக்கு, சோழ இளவரசி குந்தவை நிவந்தம் அளித்தாள். வைத்தியனுக்கு நிலமே காணியாக விடப்பட்டது. அவன் ஊரைவிட்டுப் போய்விடக் கூடாதே! அந்த ஏற்பாட்டை நெருங்கிப் பார்க்க டெல்டாவைத் தாண்டி, செங்கல்பட்டுப் பக்கம் திருமுக்கூடலுக்குப் போகவேண்டும். வீரராஜேந்திரன் (1063–1070) காலத்துக் கல்வெட்டு அங்கே பதினைந்து கட்டில் கொண்ட ஆதுலசாலை ஒன்றைக் கணக்குப்பிள்ளை சுத்தத்தோடு விவரிக்கிறது. ஒரு வைத்தியர், சல்லியக் கிரியை (அறுவை) செய்பவர் ஒருவர், மூலிகை பறித்துவரவும் மருந்து காய்ச்சவும் ஆட்கள், நோயாளிக்குப் பணிவிடை செய்யப் பெண்கள், கிடப்பவர் ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு நாழி அரிசி, இரவு எரிய ஒரு விளக்கு. கூடவே, ஓராண்டுக்கு இருப்பு வைக்கவேண்டிய மருந்துகளின் பட்டியல். அந்தப் பட்டியலில் கடுக்காய் மட்டும் நாலு வகையில் வருகிறது: வாஸாஹரீதகி, தசமூல ஹரீதகி, பல்லாதக ஹரீதகி, கோமூத்திர ஹரீதகி. ஆமணக்கெண்ணெய் சேர்ந்த தைலங்களும் உண்டு. பவுத்திரம் என்ற பேச்சே அதில் இல்லை என்பது சரிதான். ஆனால் அறுப்பவரும் குடலை இளக்கும் மருந்தும் கஞ்சிக்கான அரிசியும் ஒரே செலவுக் கணக்கில் வருவது தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை.

பட்டியலில் உள்ளதெல்லாம் சாதுவான சரக்கு என்று எண்ணிவிடக் கூடாது. பல்லாதகம் என்பது சேங்கொட்டை. சுத்தி தவறினால் தோலையே வேகவைக்கும். பவுத்திரத்துக்கான கார நூலும் அப்படித்தான். கள்ளிப்பாலும் நாயுருவிச் சாம்பலிலிருந்து எடுத்த காரமும் மஞ்சளும் மாறி மாறிப் பூசி உலர்த்திய நூல் அது. குழாய்க்குள் செலுத்திக் கட்டினால் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துக்கொண்டே வரும், பின்னாலேயே புண் ஆறிக்கொண்டு வரும். சுசுருத சங்கிதை இதைச் சொல்கிறது. 11-ஆம் நூற்றாண்டுச் சக்கரபாணிதத்தர் செய்முறை தருகிறார். 1960-களில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் இது மீண்டும் புழக்கத்துக்கு வந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பல மருத்துவமனைகளில் நடத்தி 1991-இல் வெளியிட்ட ஒப்பீட்டில், நூல் கட்டியவர்களுக்கு ஆற எட்டு வாரம், அறுவை செய்தவர்களுக்கு நாலு வாரம். ஆனால் நோய் திரும்பியது முன்னவர்களில் 4 சதவீதம், பின்னவர்களில் 11 சதவீதம். காரத்தின் குணம் ஒரு காரணம். நூலை வாரந்தோறும் மாற்றியாகவேண்டும் என்பதை நான் இன்னொன்றாகச் சேர்ப்பேன். வாரம் ஒருமுறை வைத்தியர் புண்ணைப் பார்க்கிறார், வலிக்கு என்ன விழுங்கினாய் என்று கேட்கிறார்.

தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798–1832) நோயாளியைத் தொடர்ந்து பார்க்கும் இதே ஒழுங்கை ஏட்டுக்குக் கொண்டுவந்தார். தன் மருத்துவ நிலையமான தன்வந்திரி மகாலில் கையாண்டு பார்த்த முறைகள் சரபேந்திர வைத்திய முறைகளாகத் தமிழ்ப் பாட்டில் எழுதப்பட்டன. கண் நோயாளிகளின் கண்களை வண்ணத்தில் வரைந்து, சிகிச்சைக் குறிப்போடு சேர்த்து வைத்தார்கள். பின்னாளில் அதே தஞ்சையில் ஆபிரகாம் பண்டிதர் (1859–1919) மூலிகைத் தோட்டம் போட்டு, கருணானந்தர் சஞ்சீவி மருந்துகள் என்ற பெயரில் செய்தவை தமிழ்நாட்டுக்கு வெளியேயும் விலைபோயின. நல்ல மருந்துதான். ஆனால் வெளியூர் போன புட்டி நோயாளியின் நாடியைப் பிடித்துப் பார்க்காது. திரும்பும் பாதை இல்லாத திருப்பம் அது. இன்றைய மருந்துக்கடை அதன் நீட்சி.

பழங்காலத்து நோயாளிகள் பிழைத்ததற்குக் கல்வெட்டு சாட்சியா என்று கேட்கலாம். இல்லை, அது செலவுக் கணக்கு மட்டுமே. சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று அந்த வைத்தியரால் அளந்திருக்கவும் முடியாது. இன்று அது முடிகிறது, அதனால்தான் மேற்பார்வைக்கு மதிப்பு கூடுகிறது. டாக்டர் எழுதிய சீட்டுதான் இருக்கிறதே என்பது அடுத்த மறுப்பு. சீட்டு ஐந்து நாளுக்கு, புண் ஆறு வாரத்துக்கு. வலி தாங்காமல் டிரமடால் போட்டால் வலி குறையும், மலம் கட்டும், முக்கினால் புண் மீண்டும் ரத்தம் கசியும். டிரமடாலை 2014-இல் எச்1 அட்டவணையிலும் 2018-இல் போதைப்பொருள் சட்டத்தின் கீழும் கொண்டுவந்தது அது பழக்கமாகிவிடும் ஆபத்துக்காக. மலச்சிக்கலைச் சட்டம் பார்த்துக்கொள்ளாது. டைக்ளோபெனாக் வயிற்றுப்புண் உள்ளவரையும், சிறுநீரகம் தளர்ந்தவரையும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவரையும் பதம்பார்க்கும். டாக்டர் இசப்கோல் எழுத, பாட்டி விளக்கெண்ணெய் ஊற்ற, இரண்டும் சேர்ந்து வயிற்றுப்போக்காகிப் புண்ணை அரிக்கும். போன தடவை மிஞ்சிய ஆன்டிபயாட்டிக்கை எடுத்துப் போடுவதும் நடக்கிறது. ஆறும் புண்ணெல்லாம் அதைக் கேட்பதில்லை. சித்த மருந்து தீங்கில்லாதது என்பாருக்குச் சட்டமே பதில் வைத்திருக்கிறது: நச்சுச் சரக்கு சேர்ந்த சித்த, ஆயுர்வேத மருந்துகளுக்கு இ(1) என்று தனி அட்டவணை உண்டு, மருத்துவ மேற்பார்வையில்தான் உட்கொள்ளவேண்டும் என்று உறையிலேயே அச்சிட்டாகவேண்டும். அறுவை செய்த டாக்டரிடம் போகும்போது அந்த உறையையும் கொண்டுபோய்க் காட்டுபவர்கள் குறைவு. கேட்கும் டாக்டர்களும் குறைவு.