புற்றுநோயாளருக்குக் கை கொடுக்காத காப்புறுதி

ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசலில் அடிக்கடி கேட்கும் அறிவிப்பு ஒன்று உண்டு. ஊரைச் சேர்ந்த ஒருவருக்குப் புற்றுநோய், சிகிச்சைக்கு உதவுங்கள் என்பார்கள். நாமும் இயன்றதைக் கொடுக்கிறோம். அது நல்ல அமல்தான். ஆனால் அவரிடம் காப்புறுதி இருந்ததா, இருந்தும் ஏன் உதவவில்லை என்று எவரும் கேட்பதில்லை.

நமது நாட்டில் அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கு நாடெங்கிலுமிருந்து நோயாளர்கள் வருகின்றனர். எனினும் தாமதிக்க முடியாத ஸ்கேன், கையிருப்பில் இல்லாத மருந்து, பிரயாணம், கூட வருபவரின் தங்குமிடம் என்று செலவு கூடிக்கொண்டே போகிறது. 2022 பொருளாதார நெருக்கடியில் மருந்துகளை வெளியே வாங்க நேர்ந்ததை நாம் மறக்கவில்லை. அதற்கு முன்னர் 2016இல், மஹரகமவுக்கு ஒரு பெட் ஸ்கேன் இயந்திரம் வாங்குவதற்காக கதீஜா மன்றம் பொதுமக்களிடம் நிதி திரட்டியது. இன, மத பேதமின்றி மக்கள் அள்ளிக் கொடுத்தார்கள்.

இந்த இடைவெளியை நிரப்ப வேண்டியது காப்புறுதி. ஆனால் வழமையான மருத்துவக் காப்புறுதிகள் பல, விடுதியில் தங்கிச் சிகிச்சை பெறுவதையே மையமாகக் கொண்டவை. புற்றுநோய்ச் சிகிச்சை அப்படி நடப்பதில்லை. கீமோதெரபி ஏற்றிக்கொண்டு பலர் அன்றே வீடு திரும்புகின்றனர். கதிரியக்கச் சிகிச்சைக்கு வாரத்தில் ஐந்து நாட்கள் வீதம் பல வாரங்கள் வந்துபோக வேண்டும். இலங்கைப் பெண்களிடையே அதிகம் காணப்படும் மார்பகப் புற்றுநோயில், பலர் ஹோர்மோன் மாத்திரைகளை 5 முதல் 10 வருடங்கள் வரை எடுக்க வேண்டும். இரவு தங்கவில்லை, இது வெளிநோயாளர் செலவு என்று கூறிக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டால் காப்புறுதியின் பயன் என்ன?

பாரதூரமான நோய்களுக்கான காப்புறுதியிலும் இத்தகைய சிக்கல் உண்டு. ஆரம்ப நிலைப் புற்றுநோய்க்குப் பணம் கிடைக்காது என்று பல பத்திரங்களில் எழுதப்பட்டிருக்கிறது. நோயை நேரகாலத்துடன் கண்டுபிடியுங்கள் என்று சுகாதாரத் துறை சொல்கிறது. அப்படிக் கண்டுபிடித்தவருக்கோ பத்திரம் கதவை மூடுகிறது.

அரச ஊழியர்களுக்கு அக்ரஹார காப்புறுதி இருக்கிறது. சிறு வியாபாரிக்கும், கூலித் தொழிலாளிக்கும், மீனவருக்கும் அப்படி எதுவும் இல்லை. நமது சமூகத்தில் இவர்களே அதிகம்.

எனவே நமது கோரிக்கைகள் தெளிவாக இருக்க வேண்டும். ஒருநாள் சிகிச்சை, கதிரியக்கச் சிகிச்சை, வாய்வழி மருந்து, ஸ்கேன் என்பன விடுதிச் சிகிச்சைக்குச் சமமாகக் கருதப்பட வேண்டும். ஆரம்ப நிலை நோய்க்கும் ஒரு பகுதித் தொகையாவது வழங்கப்பட வேண்டும். விதிவிலக்குகளைப் பத்திரத்தின் முதற் பக்கத்திலேயே எளிய தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட வேண்டும். இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடம் இதனை எடுத்துச் செல்லும் பொறுப்பு சிவில் அமைப்புகளுக்கும் நமது பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும் உண்டு.

நாம் செய்ய வேண்டியவையும் உள்ளன. கையொப்பமிடும் முன் காத்திருப்புக் காலத்தையும் விதிவிலக்குகளையும் கேட்டறிய வேண்டும். ஏற்கனவே உள்ள நோயை மறைக்கக் கூடாது. மறைத்தால் அதுவே நிராகரிப்புக்குக் காரணமாகிவிடும். கோரிக்கை மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் பெற்று, முதலில் நிறுவனத்திடமும், தீர்வு கிட்டாவிட்டால் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடமும் முறையிடலாம்.

வட்டியையும் நிச்சயமற்ற தன்மையையும் அஞ்சிக் காப்புறுதியிலிருந்து ஒதுங்கியிருப்பவர்கள் நம்மில் பலர். அவர்களுக்காகவே 1999 முதல் தகாபுல் முறை இங்கு இயங்கி வருகிறது. ஒருவரின் கஷ்டத்தை எல்லோரும் பகிர்ந்துகொள்வதே அதன் அடிப்படை. அப்படியாயின், புற்றுநோயாளருக்கு நியாயமான திட்டத்தைத் தகாபுல் நிறுவனங்களிடம்தான் நாம் முதலில் கேட்க வேண்டும்.

ஊர் மக்களிடம் கையேந்திய பின்னரே ஒருவர் சிகிச்சை பெற வேண்டும் என்ற நிலை மாற வேண்டும். பள்ளிவாசல் நிர்வாகங்கள் அடுத்த வசூலுக்கு முன்னர் இதனையும் ஒருமுறை கலந்தாலோசிக்கட்டும்.