உருது

துருக்கியச் சொல், பொருள் படைமுகாம். அரசர் தங்கிய டெல்லியை 'உருது-ஏ-முஅல்லா', மேன்மைமிகு முகாம், என்றார்கள். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அப்பெயர் அந்நகரத்து மொழிக்கும் வந்தது. சிப்பாய்கள் கூடாரத்தில் கலந்துபேசி உண்டாக்கிய மொழி என்ற கதையை நம்ப வேண்டாம். அதன் வேர் டெல்லி வட்டாரப் பேச்சான கடீபோலி. இந்திக்கும் அதுவே வேர். 'ஹிந்தி' என்ற பெயரோ பாரசீகர் தந்தது. சிந்து அவர்கள் வாயில் ஹிந்து ஆனது. கவிஞர் மீர் காலத்தில் உருதுவையே ஹிந்தி என்றும் அழைத்தார்கள்.

'மேம் கர் ஜா ரஹா ஹூம்': வீட்டுக்குப் போகிறேன். இந்தி, உருது இரண்டிலும் ஒரே வாக்கியம். எழுதினால் ஒன்று தேவநாகரி, மற்றது வலமிருந்து இடம் ஓடும் நஸ்தலீக். நூலகத்துக்குள் நுழைந்தால் பிரிவு இன்னும் துலங்கும்: இந்தியில் 'புஸ்தகாலய்', உருதுவில் 'குதுப்கானா'.